வேலியே பயிரை மேய்ந்த கதை

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "நம்ம காலத்து நினைவுகள் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டபோது முதலில் தயங்கினேன். விடுதி மெஸ்ஸின் சாம்பாரைப் பற்றியும், கலைவிழா இரவுகளைப் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் எங்கள் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு தொழில்தான். பிறர் எழுதிய மென்பொருளைப் பழுது பார்ப்பது, மாற்றுவது, ஓடவைப்பது. முப்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்து வருகிறேன். ஆகவே அந்தத் தொழிலின் சரித்திரத்தில் ஒரு சிறு பகுதியை எழுதுகிறேன். அதில் நம் கல்லூரியும் வரும், என் தவறு ஒன்றும் வரும்.

முதலில் கல்லூரி. 1991-ஆம் ஆண்டு. கம்ப்யூட்டர் லேப் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கல்லூரியிலேயே ஏ.ஸி. போட்ட அறை அது ஒன்றுதான் என்பதால் வெயில் காலத்தில் எங்களுக்குப் படிப்பில் திடீர் ஆர்வம் பிறக்கும். வாரத்துக்கு ஒரு ப்ரோகிராம். அதை ரெக்கார்டு நோட்டில் எழுதி, அடியில் 'மாதிரி அவுட்புட்' என்று தலைப்பிட்டு விடையையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த அவுட்புட் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஸீனியர் அண்ணனின் ரெக்கார்டிலிருந்து வந்தது. பிஸிக்ஸ் லேபில் ஊசலை ஆட்டாமலே புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 980 வரவழைத்த கைகள்தானே இவை!

அன்றைய பயிற்சி, வர்க்கச் சமன்பாட்டின் மூலங்களைக் கண்டுபிடிக்கும் ப்ரோகிராம். குணகங்கள் 1, -5, 6 என்று கொடுத்தால் 2, 3 என்று விடை வரும். ரெக்கார்டில் அழகாக எழுதியிருந்தேன். ஸார் நோட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து 1, 2, 5 என்று தட்டினார். ப்ரோகிராம் பிழைச் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு விழுந்தது. எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்திருக்கவே இல்லை.

அவர் கோபப்படவில்லை. "விடையைப் பார்த்துக் கேள்வி எழுதியிருக்கே, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அந்த ஒரு வாக்கியத்தின் முழுப் பொருள் எனக்குப் புரியப் பதினேழு வருஷம் ஆயிற்று.

பிழையோடு பிறந்த தொழில்

மென்பொருளில் பிழை என்பது புதிய நோய் அல்ல. 1949-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்ஸாக் என்ற கணிப்பொறி ஓடத் தொடங்கியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ், தன் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பங்கு தன் ப்ரோகிராம்களில் தானே செய்த தவறுகளைத் தேடுவதிலேயே போகப்போகிறது என்பதை அந்த நாட்களில் உணர்ந்ததாகப் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார். 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாட்டில் 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயரே ஒரு சவாலாக முன்வைக்கப்பட்டது. பாலம் கட்டுபவருக்கு இருக்கும் ஒழுங்கு ப்ரோகிராம் எழுதுபவருக்கு ஏன் இல்லை என்பதே அங்கே கேள்வி. அடுத்த ஆண்டு ரோமில் கூடியபோது டைக்ஸ்ட்ரா ஓர் எச்சரிக்கை விடுத்தார். சோதனை செய்தால் பிழை இருப்பது தெரியும். பிழையே இல்லை என்று சோதனையால் ஒருபோதும் நிரூபிக்க முடியாது என்பது அதன் சாரம்.

எழுதி முடித்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை எடுத்துச் சொன்னவர் லேமன். ஐபிஎம்மின் ஓஎஸ்-360 என்ற பெரிய மென்பொருள் எப்படி வளர்ந்தது என்பதை பெலாடியுடன் சேர்ந்து ஆராய்ந்தவர். 1974-ல் அவர் வகுத்த விதிகளின் கருத்து இதுதான்: பயன்பாட்டில் உள்ள மென்பொருளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பயனற்றுப் போகும், மாற்ற மாற்ற அதன் சிக்கல் கூடும், யாராவது முனைந்து குறைத்தால் ஒழிய. வீடு கட்டுவது ஒரு முறை. வெள்ளையடிப்பதும் ஒழுகல் அடைப்பதும் ஆயுள் முழுக்க. பராமரிப்பு என்று நாம் சொல்வது அதைத்தான்.

நானும் அந்த வேலையில்தான் சேர்ந்தேன். 1998, 1999 ஆண்டுகளில் எங்கள் செட்டில் பாதிப் பேர் 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காகக் கோபால் ப்ரோகிராம்களில் இரண்டு இலக்க வருஷத்தை நான்கு இலக்கமாக மாற்றிக்கொண்டிருந்தோம். அப்போது எங்களிடம் இருந்த சோதனை முறை என்ன தெரியுமா? மாற்றத்துக்கு முன் எடுத்த அறிக்கையையும் பின் எடுத்த அறிக்கையையும் மேஜையில் விரித்து, ஸ்கேல் வைத்து வரி வரியாக ஒப்பிடுவது. கண் எரியும். ஆனால் அதில் ஒரு நன்மை இருந்தது. உண்மையான ப்ரோகிராம், உண்மையான எண்களோடு ஓடியது.

விமானத்தில் பிறந்த குழந்தை

அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு சிந்தனை வளர்ந்துகொண்டிருந்தது. ஸ்மால்டாக் மொழியில் வேலை செய்துவந்த கெண்ட் பெக் 1994-ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ப்ரோகிராமின் ஒவ்வொரு சிறு உறுப்புக்கும் அதே மொழியில் ஒரு சோதனை எழுதி வைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் எல்லாச் சோதனைகளும் தாமே ஓடட்டும் என்றார். 1997-ல் அட்லாண்டாவில் நடந்த மாநாட்டுக்கு ஸூரிக்கிலிருந்து விமானத்தில் போகும்போது அவரும் எரிக் காமாவும் சேர்ந்து அதையே ஜாவா மொழியில் எழுதினார்கள். அதுதான் ஜேயூனிட். விமானப் பயணத்தில் பிறந்த அந்தக் குழந்தை சில வருஷங்களில் உலகமெங்கும் பரவிவிட்டது. பச்சைப் பட்டை வந்தால் தேறியது, சிவப்புப் பட்டை வந்தால் விழுந்தது. குழந்தைக்கும் புரியும்.

யூனிட் டெஸ்ட் என்பதை வேறு துறையில் படித்த நண்பர்களுக்காக ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மூலம் காணும் ப்ரோகிராமுக்கு 1, -5, 6 கொடுத்தால் 2, 3 வருகிறதா என்று பார்க்கும் இன்னொரு குட்டி ப்ரோகிராம்தான் அது. நாளை யாராவது உள்ளே கை வைத்து எதையாவது கெடுத்தால் உடனே சிவப்பு விளக்கு எரியும். ஆகவே தைரியமாகக் கை வைக்கலாம். பராமரிப்பு வேலை பார்ப்பவனுக்கு இதைவிடப் பெரிய வரம் ஏது? 2004-ல் மைக்கேல் ஃபெதர்ஸ் ஒரு படி மேலே போய், சோதனை இல்லாத மென்பொருள் நேற்று எழுதியதாக இருந்தாலும் அது பழஞ்சுமைதான் என்று தம் நூலில் வரையறுத்தார்.

வேலி நல்ல வேலிதான். ஆனால் சீக்கிரமே அது பயிரை மேயத் தொடங்கியது.

ஒரு உறுப்பைத் தனியாகச் சோதிக்க வேண்டுமென்றால் அது நம்பியிருக்கும் மற்ற உறுப்புகளை என்ன செய்வது? டேட்டாபேஸ் வேண்டும், வங்கித் தொடர்பு வேண்டும், கடிகாரம் வேண்டும். லண்டனில் பணியாற்றிய மெக்கின்னன், ஃப்ரீமன், க்ரெய்க் ஆகிய மூவர் 2000-ஆம் ஆண்டு 'மாக்' என்ற வழியைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உண்மையான உறுப்புக்குப் பதில் ஒரு டம்மியை நிறுத்துவது. 'இன்னது கேட்டால் இன்னது சொல்' என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடுவது. நாடக ஒத்திகையில் ராஜா வேஷக்காரர் வராத அன்று வேறு யாரையாவது சிம்மாசனத்தில் உட்கார வைப்பது மாதிரி. நல்ல யோசனைதான், அளவோடு இருந்தால். எல்லாப் பாத்திரங்களுக்கும் பதிலாள் வந்துவிட்டால் ஒத்திகையில் என்ன தெரியும்?

மறு ஆண்டே, அதாவது 2001-ல், நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டியூர்ஸன் முதலிய நால்வர் எச்சரிக்கை மணி அடித்தார்கள். சோதனை நிரலும் நிரல்தான், அதுவும் அழுகும் என்று சொல்லி, அழுகிய வாசனை வீசும் இடங்கள் பதினொன்றைப் பட்டியலிட்டார்கள். வெளியிலுள்ள ஒரு கோப்பை நம்பி நிற்கும் டெஸ்ட், ஒரே டெஸ்டில் எல்லாவற்றையும் சோதிக்க முயலும் பேராசை, காரணம் சொல்லாமல் ஒரே டெஸ்டில் அடுக்கடுக்காகப் பல ஒப்பீடுகள், ஒரே டெஸ்டைப் பல இடங்களில் நகலெடுத்து வைப்பது என்று நீளும் அந்தப் பட்டியல். 2007-ல் ஜெரார்ட் மெஸாரோஸ் இந்த விஷயத்துக்கென்றே தலையணை அளவில் ஒரு புத்தகம் எழுதினார். நாங்கள் அதைப் படிக்கவில்லை. எங்களுக்கு ரிலீஸ் தேதி இருந்தது.

என் கணக்கு

இனி என் கதை. சென்னையில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். 2005-ல் வெளிநாட்டுக் கடன் நிறுவனம் ஒன்றுக்காக வட்டி கணக்கிடும் மென்பொருள் எழுதினோம். நான்தான் குழுவின் பொறுப்பாளர். 'நிரல் வரிகளில் 80 சதவீதமாவது டெஸ்டில் ஓடியிருக்க வேண்டும்' என்று ஒரு விதி போட்டேன். சுவரில் எழுதி ஒட்டினேன். வாரந்தோறும் சதவீதத்தைப் பார்த்து யார் குறைவு என்று கேட்பேன்.

விளைவு என்ன? பிள்ளைகள் மார்க் வாங்கக் கற்றுக்கொண்டார்கள். வட்டி கணக்கிடும் பகுதியை ஓட்டிப் பார்த்த டெஸ்டுகள் இருந்தன. ஆனால் ஓட்டியதோடு சரி, வந்த விடை சரியா என்று அவற்றில் ஒரு வரி கூடக் கேட்கவில்லை. சதவீதக் கணக்குக்கு வரி ஓடினால் போதும், விடை எதற்கு? விடையைக் கேட்ட டெஸ்டுகளும் இருந்தன. ஆனால் அவற்றில் கணக்குப் போடும் உறுப்புக்குப் பதில் டம்மி நின்றது. '1250 என்று சொல்' என்று டம்மியிடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு 1250 வந்ததா என்று சோதித்தார்கள். வராமல் எங்கே போகும்!

2007-ல் நம் கல்லூரியிலிருந்தே ஒரு பெண் எங்கள் குழுவில் சேர்ந்தாள். ஒரே கல்லூரி என்று தெரிந்ததும் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுவாள். சேர்ந்த சில வாரங்களில் என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணா, இந்த டெஸ்ட்ல வட்டி போடற பகுதியே ஓடலை. டம்மிதான் ஓடுது. இன்னொண்ணுல அது ஓடுது, ஆனா விடையை யாரும் பார்க்கலை. இது எதையுமே சோதிக்கலையே?"

"கவரேஜ் எவ்வளவு காட்டுது?"

"எண்பத்து மூணு."

"அப்ப விடும்மா. ரிலீஸ் முடியட்டும், பார்த்துக்கலாம்."

பார்த்துக்கொள்ளவில்லை.

2008-ல் ஒரு புது வசதி கேட்டார்கள். கடனில் ஒரு பகுதியை இடையில் கட்டினால் அந்தத் தேதியில் வட்டிக் காலத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்த மாற்றத்தை அவளிடம் கொடுத்தேன். பிரித்த இடத்தில் ஒரு சிறு பிசகு. கட்டிய நாள் முதல் பகுதியிலும் எண்ணப்பட்டது, இரண்டாம் பகுதியிலும் எண்ணப்பட்டது. நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். 1 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம், 30 நாள். 10 நாள் கழித்து 40,000 கட்டுகிறார். வருஷத்துக்கு 365 நாள் என்று வைத்தால் முதல் 10 நாள் வட்டி 328 ரூபாய் 77 காசு. மீதி 60,000-க்கு 20 நாள் வட்டி 394 ரூபாய் 52 காசு. மொத்தம் 723 ரூபாய் 29 காசு. எங்கள் மென்பொருளோ 20 நாளை 21 என்று எண்ணி, 743 ரூபாய் 1 காசு கேட்டது. முப்பது நாளில் முப்பத்தொரு நாள் வட்டி! கால்குலேட்டரோடு ஐந்து நிமிஷம் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டு, அந்த 723.29-ஐ ஒரு டெஸ்டில் எழுதி வைத்திருந்தால் அன்று மாலையே சிவப்பு எரிந்திருக்கும். எல்லாம் பச்சையாகவே இருந்தது. அனுப்பிவிட்டோம்.

மூன்று மாதம் கழித்துக் கடன் வாங்கிய ஒருவர், தன் கையால் கணக்குப் போட்டு, அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஒருவருக்குச் சில்லறைக் காசுதான். ஆனால் கடன் வாங்கியவர்கள் பல ஆயிரம் பேர்.

பிழையைத் திருத்த எத்தனை நேரம் ஆகும்? அரை நாள். திருத்தினோம். ஓட்டினோம். முன்னூறுக்கும் மேற்பட்ட டெஸ்டுகள் சிவப்பு! வட்டி தவறு என்று அவற்றில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. முன்பு அனுப்பிய விவரத்தோடு கட்டிய தேதியையும் சேர்த்து அனுப்பினோம் அல்லவா, அது டம்மிகளுக்குச் சொல்லிக் கொடுத்த வசனத்தில் இல்லை. அவ்வளவுதான். நிரல் தவறாக இருந்தபோது வாயைத் திறக்காத டெஸ்டுகள், நாங்கள் அதைச் சரி செய்தபோது ஊரைக் கூட்டின. அழ வேண்டிய நேரத்தில் அழாமல், அழக்கூடாத நேரத்தில் அழும் பிள்ளை.

எல்லாம் பச்சையாகாமல் அனுப்பக்கூடாது என்பது நான் போட்ட இன்னொரு விதி. ஆகவே அரை நாள் வேலைக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் தவறான வட்டி தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. கடைசி நாட்களில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விழுந்த டெஸ்டைத் திறப்போம். 'வந்த விடை இது' என்று திரையில் காட்டும். அதை அப்படியே எடுத்து 'எதிர்பார்த்த விடை' என்ற இடத்தில் ஒட்டுவோம். பச்சை! இரவு இரண்டு மணிக்கு ஒரு பையன் அதைச் செய்துகொண்டிருப்பதைப் பின்னால் நின்று பார்த்தேன். சட்டென்று லேப் ஞாபகம் வந்தது. ஸீனியரின் ரெக்கார்டு. மாதிரி அவுட்புட். விடையைப் பார்த்துக் கேள்வி எழுதியிருக்கே, தம்பி.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன். தவறின் மூலகாரணம் என்ன என்று மேலிடம் அறிக்கை கேட்டது. 'நிரலை மாற்றியவரின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டேன். மாற்றியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். 'இந்தச் சோதனைகள் எதையும் சோதிக்கவில்லை என்று ஆறு மாதத்துக்கு முன்பே அவர் என்னிடம் சொன்னார், நான் கேட்கவில்லை' என்று ஒரு வரி நான் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அந்த வருஷம் அவளுடைய மதிப்பீடு இறங்கியது. சில மாதத்தில் வேலையை விட்டுப் போனாள். போகும்போதும், "வரேன்ணா" என்றுதான் சொன்னாள்.

பெரிய இடத்திலும் இதே கதை

எங்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பியது. ஏறக்குறைய 40 விநாடியில் திசை மாறிச் சிதறியது. அதில் இருந்த நான்கு க்ளஸ்டர் விண்கலங்களும் போயின. லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு காரணத்தை எழுதியது. திசையறியும் கருவியின் மென்பொருள் ஏரியன்-4-லிருந்து அப்படியே எடுத்து வைக்கப்பட்டது. புது ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம். 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டில் திணிக்கப் பார்த்தபோது வழிந்துவிட்டது. அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியன்-5-க்குத் தேவையே இல்லை என்பது வேதனை. மாற்றுக் கருவி இருந்ததே என்பீர்கள். அதிலும் அதே மென்பொருள், அதே விழுகை.

சோதனை செய்யவில்லையா? செய்தார்கள். ஆனால் முழு அமைப்பையும் தரையில் ஓட்டிப் பார்த்தபோது அந்தத் திசையறி கருவி இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போல நடிக்கும் மென்பொருள்தான் இருந்தது. ஏரியன்-5-ன் பறக்கும் பாதையைக் கொடுத்து உண்மைக் கருவியைச் சோதிக்கவும் இல்லை. அங்கேயும் சிம்மாசனத்தில் பதிலாள்தான்.

டெஸ்டுகளை நம்ப முடியாமல் போவது இன்னொரு நோய். ஒரே நிரலுக்கு ஒரு தடவை பச்சை, இன்னொரு தடவை சிவப்பு என்று மனம்போனபடி காட்டும் டெஸ்டுகள் உண்டு. கூகுள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவினர் 2016-ல் எழுதியபடி, அவர்களுடைய டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படிப்பட்டவை. டெஸ்டுகளில் ஏறத்தாழ 16 சதவீதத்துக்கு இந்தக் குணம் ஓரளவாவது இருந்தது. இதன் தீமை கணினி நேரத்தோடு நிற்பதில்லை. 'புலி வருது, புலி வருது' என்று கேட்டுக் கேட்டுப் பழகிய ஆள், உண்மையான சிவப்பு வரும்போதும் 'இன்னொரு தடவை ஓட்டிப் பாரு, சரியாயிடும்' என்று சொல்லிவிடுகிறான்.

ஆகவே 2014-ல் டேவிட் ஹைனமையர் ஹான்ஸன் என்ற புகழ்பெற்ற மென்பொருளாளர், டெஸ்டை முதலில் எழுதும் முறையே செத்துவிட்டது என்று அறிவித்தபோது பலர் கைதட்டினார்கள். டெஸ்டுக்காகவே நிரலைத் துண்டு துண்டாக வெட்டி, டம்மிகளை நுழைத்து, வடிவத்தையே கெடுக்கிறோம் என்பது அவர் குற்றச்சாட்டு. கெண்ட் பெக்கும் மார்ட்டின் ஃபௌலரும் அவரோடு உட்கார்ந்து பல அமர்வுகளில் பேசினார்கள். முறையின் தந்தையான பெக்கே, தாம் டம்மிகளை மிகக் குறைவாகத்தான் பயன்படுத்துவதாக அங்கே சொன்னார். குருவிடம் இல்லாத பழக்கம் சீடர்களிடம் மண்டிவிட்டது!

நல்ல வேலி எப்படி இருக்கும்?

குறை சொல்லி முடித்தால் போதாது. நன்றாகச் செய்தவர்களும் உண்டு. உங்கள் கைப்பேசியில் இந்த நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் 2000-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் தொடங்கியது. 2023 கணக்குப்படி, அதன் நிரலைப்போல் 590 மடங்கு சோதனை நிரல் அதற்கு இருக்கிறது. நான் வியப்பது எண்ணிக்கையை அல்ல, முறையை. அந்தச் சோதனைகளில் ஒரு வகை, ஒரே கேள்வியை எஸ்க்யூலைட்டிடமும் கேட்கிறது, பிறர் எழுதிய வேறு டேட்டாபேஸ்களிடமும் கேட்கிறது, விடைகளை ஒப்பிடுகிறது. உள்ளே எப்படிச் செய்தாய் என்று கேட்பதில்லை. என்ன விடை சொல்கிறாய் என்றுதான் கேட்கிறது. ஆகவே உள்ளே எவ்வளவு மாற்றினாலும் டெஸ்ட் வீணாக அழுவதில்லை. விடை மாறினால் மட்டும் அழும்.

டெஸ்டையே சோதிக்க வழி உண்டா? உண்டு. 1971-ல் மாணவராக இருந்தபோது ரிச்சர்ட் லிப்டன் யோசித்து, 1978-ல் டிமில்லோ, ஸேவார்டு ஆகியோருடன் சேர்ந்து வெளியிட்ட வழி அது. நிரலில் வேண்டுமென்றே ஒரு தவறைச் செய். கூட்டலைக் கழித்தலாக்கு, சிறியதைப் பெரியதாக்கு. டெஸ்டுகளை ஓட்டு. எதுவும் சிவப்பாகவில்லை என்றால் அந்த வேலியில் ஓட்டை இருக்கிறது. நான் 2008-க்குப் பிறகு எந்தக் குழுவில் சேர்ந்தாலும் முதல் நாள் இதைக் கையால் செய்து பார்க்கிறேன். முக்கியமான இடத்தில் ஒரு குறியை மாற்றுவேன். பச்சையாகவே இருந்தால், சதவீதம் எத்தனை என்று அதன் பிறகு யாரையும் கேட்பதில்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புவது கொஞ்சம்தான். எதிர்பார்க்கும் விடையை ப்ரோகிராமிடமிருந்து வாங்காதீர்கள். பேப்பரும் பேனாவும் எடுத்துக் கையால் கணக்குப் போட்டு எழுதுங்கள். எல்லைகளைச் சோதியுங்கள், தேதி பிரியும் இடம், பூஜ்யம், எதிர்மறை எண். டம்மியை வெளி உலகத்துக்கு மட்டும் வையுங்கள். சோதிக்க வேண்டிய கணக்கின் இடத்திலேயே அதை உட்கார வைக்காதீர்கள். எதையும் கேட்காத டெஸ்டைத் தயங்காமல் நீக்குங்கள். இல்லாத வேலியைவிட, இருப்பதாகக் காட்டி ஏமாற்றும் வேலி ஆபத்தானது. இல்லாத இடத்தில் நாமாவது காவல் இருப்போம்.

இன்று நிரல் எழுதும் இயந்திரங்கள் வந்துவிட்டன. நிரலைக் கொடுத்து, 'இதற்கு டெஸ்ட் எழுது' என்றால் நிமிஷத்தில் நூறு எழுதித் தருகின்றன. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நிரலை மட்டும் பார்த்து எழுதும் டெஸ்ட், நிரல் என்ன செய்கிறதோ அதைத்தான் சரி என்று சொல்லும். முப்பத்தொரு நாள் வட்டியைக் கொடுத்தால் 743.01-தான் சரியான விடை என்று அழகாக எழுதித் தரும். ஸீனியரின் ரெக்கார்டு இப்போது வேகமாக நகலெடுக்கிறது, அவ்வளவே. என்ன வர வேண்டும் என்பதை நிரலுக்கு வெளியே இருந்து யாராவது சொல்ல வேண்டும். கடன் வாங்கி, கையால் கணக்குப் போட்டுக் கடிதம் எழுதிய அந்த மனிதர் சொன்னது போல.

இப்போது குழு நடத்துபவர்களாக இருக்கும் என் வயது நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை மேஜைக்கு வந்து, 'இது எதையும் சோதிக்கலையே' என்று சொன்னால் சதவீதம் கேட்காதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, 'காட்டும்மா' என்று கேளுங்கள். ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

இந்த மலர் எங்கள் செட்டுக்குப் பின் படித்தவர்களுக்கும் போகும் என்று மலர்க் குழுவினர் சொன்னார்கள். அதனால்தான் எழுதச் சம்மதித்தேன். அந்தத் தங்கை இதைப் படிக்க நேர்ந்தால்: அன்று அறிக்கையில் நான் சேர்க்காமல் விட்ட வரியை இன்று இங்கே எழுதியிருக்கிறேன், அம்மா. பதினைந்து வருஷத்துக்கு மேல் தாமதம். இந்தச் சந்திப்புக்கு நீ வந்தால், பழைய லேப் வாசலில் நிற்பேன். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லையாம் இப்போது. நேரிலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி அன்னைக்கும், விடையைப் பார்த்துக் கேள்வி எழுதாதே என்று கற்றுக்கொடுத்த என் ஆசிரியருக்கும் வணக்கம்.